நடிப்பு பிறவிச் சொத்தா?

பரிசளிப்பு விழாக்களிலே நாடகம் முடிந்து திரை விழுந்ததும், பிரதம விருந்தினர் எழுந்து தவறாது கூறும் வாசகம் ஒன்றுண்டு. "நடிப்பு என்பது பிறவியிலே வருவது. அதனை வகுப்பு வைத்துக் கற்பிக்க முடியாது. இந்தப் பிள்ளைக்கு அது இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது." சபையோர் கைதட்டுவர், பெற்றோர் பூரித்துப் போவர். அவ்வாசகத்தை நின்று நிதானித்து ஆராய்வார் எவருமில்லை. ஆராய்ந்தால், கைதட்டியோருட் பலர் வெட்கித் தலைகுனிய நேரிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கற்பித்த பாடசாலை ஒன்றிலே ஆண்டு விழா நாடகத்துக்குப் பாத்திரத் தெரிவு நடைபெற்றது. அரச வேடம் வைத்தியர் ஒருவரின் மகனுக்குப் போயிற்று. அமைச்சர் வேடம் வங்கி முகாமையாளர் ஒருவரின் மகனுக்குப் போயிற்று. இருவருக்கும் பேச்சுப் போட்டிகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுப்போர் இருந்தனர். கதவைச் சாத்திக்கொண்டு உரத்துப் பேசிப் பழகத் தனியறையும் இருந்தது. கடற்கரைக் குடியிருப்பிலிருந்து வந்த மாணவன் ஒருவனும் தெரிவுக்கு வந்து நின்றான். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டும் பாடியும் வளர்ந்தவன். ஒலிபெருக்கியின்றியே மண்டபத்தின் கடைசி வாங்குவரை எட்டும் குரல் அவனுடையது. பொறுப்பாசிரியர் இரண்டு வரி வசனம் கேட்டார். "உச்சரிப்புப் போதாது, இவனுக்கு நடிப்பு வராது" என்று தீர்ப்புக் கூறி, ஈட்டி பிடித்து நிற்கும் காவலாளி வேடத்தைக் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் அவன் ஈட்டி பிடித்து நின்றான். நான்காம் ஆண்டு அவன் பாடசாலையிலேயே இல்லை.

அத்தெரிவுக் குழுவிலே நானும் அமர்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. இக்கட்டுரை அந்த மௌனத்துக்கு நான் செலுத்தும் கடன்.

அன்று நடந்தது என்ன? வைத்தியரின் மகனிடம் நாம் 'பிறவித் திறன்' என்று கண்டது, அவனுடைய வீட்டிலே பல ஆண்டுகளாக நடைபெற்ற பயிற்சியின் விளைவு. மீனவரின் மகனிடம் 'பிறவிக் குறை' என்று கண்டது, அப்பயிற்சி இல்லாமையின் விளைவு. ஓய்வும் அறையும் வழிகாட்டலும் உள்ள வீடு ஒன்று தன் பிள்ளைக்குச் சத்தமின்றிக் கொடுத்த கல்வியை நாம் இயற்கையின் கொடை என்று பெயர்மாற்றிப் பரிசளித்தோம். வகுப்பே வேண்டாம் என்பவர், உண்மையில் வகுப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டவர் பக்கம் நின்று பேசுகிறார். பிறவித்திறன் என்னும் வாதம் நிலவுடைமைக்காரனின் உறுதிப்பத்திரம் போன்றது. காணி எப்படிக் கைக்கு வந்தது என்ற கேள்வியை எழவிடாமல் மறைப்பதே அதன் தொழில்.

இவ்விடத்திலே மரபின் காவலர் சிலர் குறுக்கிடக்கூடும். 'நடிப்பு வகுப்பு மேனாட்டு இறக்குமதி. எமது முன்னோர் வகுப்புக்குப் போயா ஆடினார்கள்?' என்று அவர்கள் கேட்பர். ஆம், போய்த்தான் ஆடினார்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஒருமுறை புரட்டிப் பார்ப்போருக்கு இது விளங்கும். மாதவி ஐந்து வயதிலே பயிலத் தொடங்கி, ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதிலே சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வோர் ஆசிரியனும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அக்காதை வகுத்துரைக்கிறது. அரங்கு எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்று அளவும் தருகிறது. ஆசிரியரின் தகுதி, கற்கும் காலம், பயிற்சியின் படிகள், பயிலும் களம் அனைத்தையும் வரையறுத்த பின்னரே மாதவி மேடையில் ஏறுகிறாள். இதற்கு வகுப்பு என்று பெயரிடாமல் வேறு என்ன பெயரிடுவது?

எமது கூத்து மரபும் இதனையே கூறுகிறது. மட்டக்களப்பிலே வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ பழகும்போது, அண்ணாவியார் முதலில் ஆளுக்கேற்ற பாத்திரம் தெரிந்து சட்டம் கொடுக்கிறார். பின்னர் இரவிரவாகத் தாளக்கட்டும் ஆட்டமும் பாட்டும் பழக்கப்படுகின்றன. ஆட்டம் ஓரளவு கைவந்த பிறகே கூத்தன் காலிலே சதங்கை ஏறுகிறது. பின்னர் அடுக்குப் பார்த்தல். அதன் பின்னரே அரங்கேற்றம். சதங்கை அணிதல் என்பது ஒரு தேர்வு. சான்றிதழுக்குப் பதிலாகக் காலிலே மணி கட்டும் தேர்வு. பகலிலே வயலில் உழைத்த மனிதன் இரவிலே களரியில் இறங்கி, மாதக்கணக்கில் மிதித்து மிதித்துப் பெற்ற கலை அது. அதனைப் பிறவி வரம் என்று கூறுவது அவனுடைய வியர்வையை இல்லையென்று கூறுவதாகும்.

ஆனால் மரபை நாம் கண்மூடித் தொழவும் முடியாது. மாதவிக்கு வகுப்பு இருந்தது. அவ்வகுப்பின் கதவோ கணிகையர் குலத்துக்கு மட்டும் திறந்திருந்தது. ஏழாண்டுப் பயிற்சியின் முடிவிலே அவளுக்குக் கிடைத்த மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் விலையில் வீதியிலே கூறப்பட்டது. அதனை வாங்கியவனுக்கு அவளும் உரியவளானாள். கூத்துக் களரியிலும் பெண் வேடத்தை ஆண்களே தாங்கினர். பெண்ணுக்குக் களரியிலே இடமில்லை. ஒரு சாதியார் ஆடும் களரியிலே இன்னொரு சாதியார் ஏற முடியாதிருந்த ஊர்களும் எமது நாட்டிலே இருந்தன. ஆகவே மரபு எமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. நடிப்பு கற்று வருவது என்பது முதற் பாடம். யார் கற்கலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது என்பது இரண்டாவது பாடம். இவ்விரண்டாவது உண்மையை முதலாவதன் மேல் ஏற்றிவைத்ததன் விளைவே 'பிறவிக் கலை' என்ற மயக்கம். திறமை பிறவியில் வரவில்லை. அனுமதிச் சீட்டுத்தான் பிறவியில் வந்தது.

அனுமதிச் சீட்டைக் கிழித்தெறிய முயன்ற வரலாறு ஒன்று ருஷ்யாவிலே உண்டு. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863-1938) செல்வச் செழிப்புள்ள ஆலை முதலாளி குடும்பத்திலே பிறந்தவர். ஆனால் அவர் தமது முன்னோடியாகக் கொண்டு போற்றிய ஷெப்கின் என்ற நடிகர் பண்ணையடிமையாகப் பிறந்து, பொதுமக்கள் திரட்டிய பணத்தினால் விடுதலை வாங்கப்பட்டவர். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச் தான்சென்கோவும் 1898ஆம் ஆண்டு மாஸ்கோ கலை அரங்கை நிறுவினர். அவ்வாண்டு இறுதியிலேயே செக்கோவின் 'கடற்பறவை' அங்கு வெற்றி கண்டது. புகழ் வந்து சேர்ந்தது. ஆனால் 1906ஆம் ஆண்டுக் கோடையிலே, பின்லாந்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது, ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை ஓர் ஐயம் வாட்டியது. தாம் பல தடவை ஆடிய வேடங்கள் வெறும் பழக்கமாகிச் செத்துவிட்டன என்று அவர் உணர்ந்தார். உள்ளே எதுவும் நிகழாமல், உடல் மட்டும் பழைய அசைவுகளைத் திரும்பச் செய்துகொண்டிருந்தது.

பிறவிக் கலைஞன் என்று உலகம் கொண்டாடிய ஒருவருக்கே பிறவி கைகொடுக்கவில்லை. 'ஊக்கம் வந்தால் ஆடுவேன், வராவிட்டால் சபையின் விதி' என்று அவர் இருந்துவிடவில்லை. ஊக்கம் வருவதற்கு ஏற்ற நிலத்தை உழுது வைக்க முடியுமா என்று ஆராய்ந்தார். அதிலிருந்து பிறந்ததே அவருடைய முறை. உடலின் இறுக்கத்தைத் தளர்த்துதல், கவனத்தை ஒருமுகப்படுத்துதல், நாடகம் தரும் சூழ்நிலைகளை நுணுகி அறிதல், 'இச்சூழ்நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்' என்று வினவுதல், காட்சியைச் சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பாத்திரம் எதை அடைய முயல்கிறது என்று காணுதல் ஆகியன அதன் படிகள். இவற்றைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே 1912ஆம் ஆண்டு முதலாவது கலைக்கூடம் தொடங்கப்பட்டது. அவருடைய பெருந்தொண்டு புதியதொரு மந்திரத்தைக் கண்டுபிடித்தமையன்று. மேதைகள் தம்மையறியாமற் செய்துவந்ததைச் சாதாரண மாணவனும் அறிந்து செய்யும்படி படிப்படியாக எழுதிவைத்தாரே, அதுதான். இரகசியத்தைப் பாடமாக்குவதைவிடச் சனநாயகப் பணி வேறென்ன இருக்கிறது?

இம்முறை வகுப்பறையிலே எவ்வாறு தொழிற்படுகிறது என்பதற்கு எளிய உதாரணம் ஒன்று கூறலாம். இரவிலே கடிதம் வாசிக்கும் மகன் ஒருவனின் காட்சி. "துயரப்படு, அழு" என்று மாணவனிடம் கூறினால், அவன் முகத்தைச் சுளித்துத் தோளைக் குலுக்குவான், சபை சிரிக்கும், 'இவனுக்கு நடிப்பு வராது' என்ற தீர்ப்பு வரும். அதே மாணவனிடம், "விளக்கிலே எண்ணெய் குறைகிறது, அது அணையுமுன் கடிதத்தை வாசித்து முடிக்கவேண்டும், அடுத்த அறையில் அம்மா தூங்குகிறார், அவர் விழித்துவிடக் கூடாது, கடிதத்தில் இருப்பது அவருக்குத் தெரியக்கூடாத செய்தி" என்று கூறிப்பாருங்கள். அவன் திரியைத் தூண்டுவான். காகிதம் சரசரக்காமற் பிடிப்பான். ஒரு வரியிலே அவன் கை நின்றுவிடும். அப்போது சபையிலே மூச்சடங்கும். இங்கே மாறியது மாணவனின் பிறவியா, ஆசிரியனின் கேள்வியா? உணர்ச்சியை நேரே கேட்காதே, செயலைக் கொடு என்று தம் இறுதிக் காலத்தில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி வற்புறுத்தியதன் பொருள் இதுவே.

ஆயினும் வகுப்பு இருந்தாற் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் வாதிடவில்லை. வகுப்பு யார் கையில் இருக்கிறது, எதற்காக நடத்தப்படுகிறது என்பவையே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றன. இதற்கு அமெரிக்காவில் நடந்ததே சான்று.

1931ஆம் ஆண்டு, பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவிலே, கிளர்மன், ஷெரில் குரோபோட், லீ ஸ்ட்ராஸ்பேர்க் ஆகியோர் நியூயோர்க்கிலே குறூப் தியேட்டர் என்ற குழுவை நிறுவினர். நட்சத்திர நடிகர் என்ற முறையை ஒதுக்கி, கூட்டாக வாழ்ந்து கூட்டாகப் பயின்ற குழு அது. வாடகைக்கார்ச் சாரதிகளின் வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கிளிபோட் ஓடெற்ஸ் எழுதிய நாடகம் 1935ஆம் ஆண்டு அக்குழுவினராலேயே மேடையேறியது. ஆனால் ஸ்ட்ராஸ்பேர்க் நடத்திய பயிற்சி, நடிகன் தன் சொந்த வாழ்வின் பழைய உணர்ச்சிகளைத் தோண்டியெடுப்பதையே மையமாகக் கொண்டிருந்தது. 1934ஆம் ஆண்டு ஸ்ரெல்லா அட்லர் பாரிஸ் நகரிலே ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை நேரிற் சந்தித்துச் சில வாரங்கள் அவரிடம் பயின்று திரும்பினார். நாடகத்தின் சூழ்நிலையும் செயலும் கற்பனையுமே அடிப்படை என்று அவர் குழுவினருக்கு எடுத்துரைத்தார். இருவருக்கும் பிளவு ஏற்பட்டது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நூல் வெளிவந்த முறையும் இப்பிளவை ஆழமாக்கியது. அகப்பயிற்சி பற்றிய பகுதி 1936ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. குரல், உடல், பேச்சு ஆகியவை பற்றிய பகுதி 1949ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பதின்மூன்று ஆண்டுகள் ஆங்கில வாசகர் அரை மனிதனையே முழு மனிதனென்று கற்றனர்.

1947ஆம் ஆண்டு அக்ரேர்ஸ் ஸ்ருடியோ தோன்றியது. 1951ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பேர்க் அதன் கலைப் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்து சிறந்த நடிகர்கள் தோன்றினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேலைநிறுத்தக்காரரின் மேடைக்காகத் தொடங்கிய பயிற்சி, படிப்படியாகத் தனிமனிதன் தன் காயங்களைத் தானே தடவிப் பார்க்கும் பயிற்சியாகச் சுருங்கிற்று. திரைப்படச் சந்தைக்கு அது மிகவும் உவப்பாயிற்று. ஸ்ருடியோவை நிறுவியோருள் ஒருவரான எலியா கசான், 1952ஆம் ஆண்டு அமெரிக்க எதிர் நடவடிக்கை விசாரணைக் குழுவின் முன் தம் பழைய தோழர்களின் பெயர்களைக் கூறினார். நடிகனின் அகம் எவ்வளவு ஆழமாகத் தோண்டப்பட்டாலும், அருகில் நிற்கும் மனிதனை நோக்கி அவன் முகம் திருப்பப்படாவிட்டால், பயிற்சியால் விளையும் பயன் இவ்வளவுதான்.

எதிரணியைச் சாடும்போது எம் சொந்த அணியின் குற்றத்தை மறைப்பது நேர்மையாகாது. சோவியத் நாட்டிலே ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் முறை அரசாங்க ஆணைபோல் ஆக்கப்பட்டது. நடிகனின் உடலைத் தொழிலாளியின் கருவிபோல் தேர்ச்சியடையச் செய்யவேண்டுமென்று உயிர்ப்பொறியியற் பயிற்சியை வகுத்த மெயர்ஹோல்ட், 'உருவவாதி' என்று தூற்றப்பட்டார். அவருடைய அரங்கு 1938ஆம் ஆண்டு மூடப்பட்டது. அப்போது அவரை அழைத்துத் தம் இசை நாடக அரங்கிலே வேலை கொடுத்தவர், முறையில் அவரோடு முரண்பட்டு நின்ற ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே. 1939ஆம் ஆண்டு மெயர்ஹோல்ட் கைதுசெய்யப்பட்டார். 1940ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே முறைதான் சரியானது, அதைத் தவிர்ந்தவை துரோகம் என்று வகுப்பறை கூறத் தொடங்கும்போது, அந்த வகுப்பறை சிறைக்கூடத்தின் முன்மண்டபமாகிவிடுகிறது. முற்போக்காளர் இதனை உரத்துச் சொல்லக் கூச்சப்படலாகாது.

எம்மவரிடையே இன்னொரு குறையும் உண்டு. 'கருத்துச் சரியாயிருந்தாற் போதும். நடிப்புத் தேர்ச்சி என்பது பூர்சுவா ஆடம்பரம்' என்று கூறும் தோழர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களுடைய நாடகங்களிலே முதலாளி தொந்தியைத் தடவுவார். தொழிலாளி முட்டியை உயர்த்துவார். சபை கொட்டாவி விடும். பிரெக்டை இவர்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. ஆனால் பிரெக்ட் எந்த நடிகரோடு வேலை செய்தார்? 1949ஆம் ஆண்டு பேர்லினிலே 'துணிச்சல்காரத் தாய்' நாடகத்திலே ஹெலன வைகல் ஓசையின்றி வாய் பிளந்து அலறிய அலறலை உலகம் இன்றும் பேசுகிறது. அது கோஷத்தால் வந்ததன்று. தசையொவ்வொன்றையும் ஆளும் தேர்ச்சியால் வந்தது. 1935ஆம் ஆண்டு மாஸ்கோவிலே சீன நடிகர் மெய் லான்பாங்கின் ஆட்டத்தைக் கண்ட பிரெக்ட் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். சிறு பிராயம் முதல் விடாப்பயிற்சியால் உருவான அந்த மோடியுற்ற நடிப்பு, சபையோரை மயக்கத்தில் ஆழ்த்தாமல் சிந்திக்க வைப்பதை அவர் கண்டார். மக்களுக்கான கலை என்பதற்காகக் கைத்தேர்ச்சியில்லாத கலையைக் கொடுப்பது, ஏழைக்கு இது போதும் என்று புழுத்த அரிசியை அளந்து கொடுக்கும் கடைக்காரனின் நியாயமாகும்.

எமது நாட்டிலே நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 1956ஆம் ஆண்டு சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள நாடகத்துக்குப் புதுவழி காட்டியபோது, அது தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம மரபிலே காலூன்றி நின்றது. தமிழிலே பேராசிரியர் வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்து, 1962ஆம் ஆண்டு 'கர்ணன் போர்' முதலாகப் பல்கலைக்கழக மாணவரை ஆடவைத்தார். படித்தவர் பட்டிக்காட்டாரின் கலை என்று இகழ்ந்த ஆட்டத்தைப் படிக்க வந்தவரே பழகினர். யாழ்ப்பாணத்திலே 1978ஆம் ஆண்டு குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். வசனத்தை மனப்பாடஞ் செய்து ஒப்புவிப்பதே நாடகம் என்றிருந்த சூழலிலே, களப்பயிற்சியும் அரங்க விளையாட்டுக்களும் குரற்பயிற்சியும் கூட்டு முயற்சியும் நடிகனுக்கு வேண்டியன என்ற எண்ணத்தை அக்கல்லூரி வேரூன்றச் செய்தது. 1985ஆம் ஆண்டு 'மண் சுமந்த மேனியர்' மேடையேறியபோது, போரின் நிழலிலே வாழ்ந்த மக்கள் தம் வாழ்வையே அரங்கிலே கண்டனர். அந்நாடகத்தின் வலிமை கருத்திலே மட்டும் தங்கியிருக்கவில்லை. பயின்ற உடல்களும் பயின்ற குரல்களும் அக்கருத்தைச் சுமந்தன.

இன்று நிலைமை என்ன? நாடகமும் அரங்கியலும் என்பது க.பொ.த. உயர்தரத்திலே ஒரு பாடம். இப்பாடம் கிடைப்பதற்கே முன்னோர் பலர் பாடுபட்டனர். ஆனால் நான் கண்ட வகுப்பறைகள் பலவற்றிலே அது குறிப்பெழுதும் பாடமாகிக் கிடக்கிறது. ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என்று நால்வகை அபிநயத்தையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் மாணவியை மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து வரச் சொன்னால், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தாவணியைப் பற்றிக்கொள்கிறாள். ரியூட்டரியிலே அச்சடித்த குறிப்பு விற்கப்படுகிறது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஐந்து புள்ளிகளாகவும் பிரெக்ட் ஆறு புள்ளிகளாகவும் சுருங்கிக் கிடக்கின்றனர். நீந்துதலைப் பற்றிக் கட்டுரை எழுதியவனுக்கு நீச்சற் சான்றிதழ் கொடுத்தால், முதல் அலையிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும். மேடையிலே அலை இல்லாமையால் மோசடி நீடிக்கிறது.

மறுபுறத்திலே நகரங்களில் நடிப்புப் பயிற்சி என்று விளம்பரம் செய்து, சில நாள் வகுப்புக்குப் பெருந்தொகை அறவிடும் வியாபாரிகள் தோன்றியுள்ளனர். அங்கே கற்பிக்கப்படுவது நடிப்பன்று. கமெராவின் முன் தன்னை விற்கும் வித்தை. காசுள்ளவனுக்குக் காசு கொடுத்தவுடன் 'திறமை உண்டு' என்ற சான்றும் கிடைக்கிறது. பிறவிச் சொத்தாக இருந்தது சந்தைச் சரக்காக மாறியிருக்கிறது. ஏழையின் நிலை மட்டும் மாறவில்லை. முன்னர் அவன் பிறப்பால் தடுக்கப்பட்டான். இப்போது கட்டணத்தால் தடுக்கப்படுகிறான்.

இறுதியாக ஓர் எதிர்வாதத்துக்கு விடை கூறவேண்டும். 'வகுப்பு நடத்தி ஒரு வைரமுத்துவை உருவாக்க முடியுமா? மயான காண்டத்திலே அரிச்சந்திரனாக அவர் பாடிய பாட்டை எந்தப் பாடத்திட்டம் தரும்?' என்று கேட்பார் உளர். முடியாது என்றே ஒப்புக்கொள்கிறோம். கணித வகுப்பு இராமானுஜனை உருவாக்குவதுமில்லை. அதற்காகக் கணித வகுப்பை நாம் மூடிவிடுவதில்லை. மனிதருக்கு மனிதர் ஆற்றலிலே வேறுபாடு உண்டு என்பதை எந்த முற்போக்காளனும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது, எல்லோருக்கும் களம் கிடைத்த பின்னரே தெரியவரும். விதைக்காத நிலத்தைப் பார்த்து 'இது விளையாது' என்று கூறும் கமக்காரனை நாம் அறிவுடையவன் என்று கூறுவதில்லை. மேதையை உண்டாக்குவது வகுப்பின் கடமையன்று. மேதையும் சாதாரணனும் தம் உடலைக் கண்டு அஞ்சாமல், தம் குரலைக் கண்டு கூசாமல், பிறர் வாழ்வைத் தம் வாழ்வுபோல் உணர்ந்து நிற்கக் கற்பிப்பதே அதன் கடமை. அக்கல்வி நடிகனாக வராதவனுக்கும் வேண்டும். சங்கக் கூட்டத்திலே எழுந்து நின்று நியாயம் கேட்பதற்கும் மூச்சும் குரலும் நிமிர்ந்த முதுகும் தேவைப்படுகின்றன.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, நாம் கேட்கவேண்டியவை இவை. நாடகப் பாடம் குறிப்புப் புத்தகத்திலிருந்து எழுந்து வெறும் தரையிலே நிற்கவேண்டும். கிழமையிலே பாதி நேரமாவது மேசை வாங்குகளை ஒதுக்கிவிட்டு உடலாலும் குரலாலும் கற்பிக்கப்படவேண்டும். அண்ணாவிமாரைப் பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பாமல், சம்பளம் கொடுத்து ஆசிரியராக வகுப்புக்கு அழைக்கவேண்டும். அவர்களுடைய களரியிலே பெண்ணும் எல்லாச் சாதியாரும் ஒன்றாகச் சதங்கை கட்டவேண்டும். காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் ஆடிவந்த மலையகத் தோட்டங்களின் பாடசாலைகளுக்கும் இப்பாடமும் ஆசிரியரும் போய்ச்சேர வேண்டும். கொழுந்துக் கூடையின் பாரம் நெற்றியிலும் கழுத்திலும் எவ்வாறு இறங்குகிறது என்று அறிந்த பிள்ளை, உழைக்கும் உடலைப் பற்றி எமக்கே கற்பிக்கும். பாத்திரத் தெரிவிலே பேச்சுவழக்கை வைத்துப் பிள்ளையைத் தள்ளும் வழக்கம் ஒழியவேண்டும். உச்சரிப்பு கற்பித்தால் வருவது, கற்பிக்கத்தான் நாம் சம்பளம் பெறுகிறோம்.

இவை பெரிய புரட்சிகள் அல்ல. அடுத்த தவணையிலேயே ஒரு வகுப்பறையிலே ஓர் ஆசிரியர் தொடங்கக்கூடியவை. அடுத்த ஆண்டு விழாவுக்குப் பாத்திரம் தெரியும்போது, ஈட்டியோடு ஓரத்திலே யார் நிற்கிறார் என்று பாருங்கள். அவனை மூன்று மாதம் நடுக்களத்துக்கு அழைத்துப் பழக்குங்கள். அதன் பின்னரும் அவனுக்கு நடிப்பு வராவிட்டால், அப்போது பேசலாம் பிறவியைப் பற்றி.